எங்களுக்கு ஊக்கம் இல்லையாம்

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது எங்களை ஒரு செயலமர்வுக்குக் கூப்பிட்டார்கள். குச்சவெளியில் ஒரு மண்டபம். ஐம்பது அறுபது பேர் இருந்திருப்போம். கம்பஸ் பிள்ளைகள், ஏ.எல். எடுத்துவிட்டு ரிசல்ட்ஸ் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், வேலை கிடைத்து மூன்று நான்கு வருஷமான அண்ணாமார், அக்காமார். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. இந்த மாதிரிச் செயலமர்வு ஒன்றிலாவது நீங்களும் இருந்திருப்பீர்கள். கோட் போட்ட வளவாளர், திரையில் ஒரு ஏணிப் படம், ஏணியின் உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆள்.

"உழைச்சா ஏறலாம். உங்களிட்ட திறமை இருக்கு, ஊக்கம்தான் இல்லை" என்றார் வளவாளர். இரண்டு மணித்தியாலமும் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னார். கடைசியில் கேள்வி நேரம். பின் வரிசையிலிருந்து ஒரு அக்கா எழும்பினார். அபிவிருத்தி உத்தியோகத்தர்.

"சேர், ஏறின பிறகும் ஊரில இருக்கலாமா?"

எல்லாரும் சிரித்தோம். வளவாளரும் சிரித்தார். "இப்பிடி யோசிக்கிறதாலதான் மேல வர ஏலாம இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

சிரித்ததற்காக எங்களுக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரேயொரு சரியான கேள்வி அதுதான். அவர் சொல்லாமல் தாண்டிப் போன பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

எங்கள் கட்சி இதுதான். பதவி உயர்வுக்காக ஒரு ஆள் ஏன் மாடாய் உழைக்கிறார், இன்னொரு ஆள் ஏன் "எனக்கு இது போதும்" என்று விட்டுவிடுகிறார் என்பதற்கான காரணம், அந்த ஆளின் நெஞ்சுக்குள் இருப்பதைவிட ஏணியில்தான் கூட இருக்கிறது. ஏணி யார் கையில் இருக்கிறது, எங்கே சாத்தியிருக்கிறது, ஏறினால் எங்கே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது என்பதைப் பார்க்காமல் ஊக்கத்தைப் பற்றிக் கதைப்பது, ஆளில் பழியைப் போட்டுவிட்டுத் தப்புகிற வேலை.

சோம்பேறிகளின் ஊரா இது?

முதலில் இந்த 'ஊக்கம் இல்லை' கதைக்கு வருவோம். திருகோணமலை டவுனிலிருந்து புல்மோட்டை றோட்டால் வடக்கே வந்தால் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று ஊர்கள் வரும். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வயலும் காடும். பாலங்கள் வருவதற்கு முன்னம், ஆறுகள் கடலில் விழுகிற இடங்களில் 'பாதை'யில் ஏறி அக்கரைக்குப் போய் வந்த ஆக்கள் இங்கே இருக்கிறார்கள். திரியாயும் தென்னமரவாடியும் போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த ஊர்கள். திரும்பி வந்தவர்கள் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வரம்பு கட்டித்தான் ஊரை மறுபடி ஊராக்கினார்கள். இந்த ஆக்களின் பிள்ளைகளுக்கு உழைப்பைப் பற்றி வகுப்பெடுக்க ஏசி வானில் வந்து இறங்குகிற துணிவை நாங்கள் மெச்சுகிறோம்.

எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழமொழி உண்டு: கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள், இது சோம்பேறித்தனத்தின் பழமொழி, கஷ்டப்படாமல் சம்பளம் எடுக்கிற ஆசை என்று நினைக்கிறார்கள். எங்கட அப்பப்பாமார், வாப்பும்மாமார் அதைச் சொன்னதற்குக் காரணம் வேறு. வாடைக் காலத்தில் கடல் மூடும், மாதச் சம்பளம் மூடாது. மழை பொய்த்தால் வயல் பொய்க்கும், பென்ஷன் பொய்க்காது. ஓட வேண்டி வந்தால் வள்ளத்தையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓட வேண்டும். அரச வேலை இன்னொரு ஊரிலும் பின்னாலேயே வரும். இவ்வளவும் பட்டவர்கள் கண்டுபிடித்த கணக்கு அது.

அதே கணக்குத்தான் பதவி உயர்விலும் ஓடுகிறது. மேலே போக வேண்டும் என்ற ஆசையை விட, இனி யாரும் எங்களைத் தள்ள முடியாத ஒரு இடத்துக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசைதான் எங்கட ஊர்களில் பெரிது. ஒருவர் கிளாஸ் வண்ணுக்கு வர ஏன் அவ்வளவு பாடுபடுகிறார்? லோன் எடுக்கலாம், மகளின் கலியாணப் பேச்சில் தலை நிமிர்ந்து இருக்கலாம், ட்ரான்ஸ்பர் கேட்டுப் போய் நிற்கும்போது நாற்காலி தருவார்கள். இதில் எதுவும் கேவலமான ஆசை இல்லை. ஆனால் இதில் எதுவும் செய்கிற வேலையோடு சம்பந்தப்பட்டதும் இல்லை. அதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

ஏணி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது

அரச சேவையின் ஏணியை உள்ளே போகாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறோம். பெரும்பாலான சேவைகளில் மூன்று தரம். மூன்றாம் தரத்தில் சேர வேண்டும். வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சை, எல்லாரும் சொல்லுகிற 'ஈபி', எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். பத்து வருஷம் அளவில் குறை சொல்ல இடமில்லாமல் வேலை செய்தால் இரண்டாம் தரம். பிறகு இன்னொரு தடை, இன்னுமொரு பத்து வருஷம் அளவு, முதலாம் தரம். அவ்வளவுக்கும் காத்திருக்க ஏலாதவர்களுக்கு ஒரு குறுக்குப் படி இருக்கிறது: நிர்வாக சேவை, அதிபர் சேவை, கல்வி நிர்வாக சேவை போன்றவற்றுக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சைகள். ஏற்கெனவே சேவையில் இருப்பவர்கள் எழுதி மேலே தாவலாம்.

ஈபியில் என்ன கேட்பார்கள்? தாபனக் கோவை, நிதிப் பிரமாணங்கள், அலுவலக முறைகள். லீவு எத்தனை நாள், வவுச்சரில் யார் கையெழுத்து, கோப்பு எப்படிப் பேண வேண்டும். இதெல்லாம் ஒரு உத்தியோகத்தருக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஊரில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரிந்திருக்கிறதா என்று எந்தத் தாளிலும் கேள்வி வராது.

பின் வரிசையில் எழும்பிய அக்காவின் கதை இது. டிகிரி முடித்து வீட்டில் இருந்தவர். 2017இல் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரம் கொட்டில் போட்டு மாதக்கணக்கில் இருந்தபோது அவர் இரண்டாம் வருஷ மாணவி. அந்தக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டுதான் டிகிரியை முடித்தார். 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் பயிலுநர்களாகச் சேர்த்தபோது இவருக்கும் கிடைத்தது. மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. பிறகு நிரந்தரம். ஒரு அலுவலகத்தில் போட்டார்கள். பல மாதம் அவருக்கென்று மேசை இல்லை. தானாகவே வெளியில் இறங்கினார். கணவன் இல்லாமல் குடும்பம் நடத்துகிற பெண்களின் விபரத்தை வீடு வீடாகப் போய் எடுத்தார். யாருக்குத் தையல் மெஷின் கொடுத்தால் ஓடும், யாருக்குக் கொடுத்தால் அடுத்த மாதமே விற்க வேண்டி வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஊர்களில் அவரின் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருவார்கள்.

இந்த வேலை அவரை ஒரு படியும் ஏற்றாது. அவர் ஏறுவதற்குச் செய்ய வேண்டியது, வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டுப் பின்னேரத்தில் டவுனில் நடக்கிற நிர்வாக சேவை வகுப்புக்குப் போவது. பாஸ் பண்ணினால்? நிர்வாக சேவை முழு இலங்கைக்குமான சேவை. நியமனம் எங்கேயும் விழலாம். ஆக, அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் இது: "இல்லை தங்கச்சி. ஏறினால் பெரும்பாலும் ஊரில் இருக்க ஏலாது. நீங்கள் நல்லாச் செய்கிற வேலையையும் செய்ய ஏலாது." இதை வளவாளர் சொல்லியிருந்தால் நாங்கள் எழும்பிக் கை தட்டியிருப்போம்.

இன்கிரிமென்ட் வேண்டாம் என்று சொன்ன ஒருவர்

ஊக்கம் ஆளுக்குள்ளே இருந்து வருகிறது என்று சொல்கிறவர்களிடம் நாங்கள் ஒரு பெயரைச் சொல்ல விரும்புகிறோம்: செல்லையா கோடீஸ்வரன். எங்கட தலைமுறையில் இந்தப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. எங்களுக்கும் கம்பஸுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கோடீஸ்வரன் அரசாங்க எழுதுவினைஞர் சேவையில் இருந்தவர். ஆங்கிலத்தில் வேலை நடந்த காலத்தில், அந்த மொழியில் பரீட்சை எழுதிச் சேர்ந்து, தரமும் உயர்ந்தவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விட்டது: ஏற்கெனவே சேவையில் இருப்பவர்களும் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டும், இல்லாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும். கோடீஸ்வரன் பரீட்சைக்குப் போகவில்லை. 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார்.

1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிறுபான்மையினரைப் பாரபட்சமாக நடத்தும் சட்டத்தைத் தடுத்த, சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மொழிச் சட்டம் முரணானது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மொழிக் கேள்விக்கே அது போகவில்லை. அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போட ஏலாது என்றது. 1969இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில், போடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்குக் கடைசிவரை தீர்ப்பு வரவில்லை. பிரிவுக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்கிற வழி 1971இல் மூடப்பட்டது. 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை.

இப்போது சொல்லுங்கள், கோடீஸ்வரனுக்கு ஊக்கம் இல்லையா? ஒரு சின்னச் சம்பள ஏற்றத்துக்காக ஏழு வருஷம் மூன்று நீதிமன்றம் ஏறிய மனிதரைச் சோம்பேறி என்பீர்களா? படிக்க ஏலாமல் அந்தப் பரீட்சையை அவர் விடவில்லை. ஆட்டம் பாதியில் நடக்கும்போது கோட்டை மாற்றி வரைந்தவர்களிடம், இந்தக் கோட்டில் நான் ஓட மாட்டேன் என்று சொன்னார். அவரைப் போல வழக்குப் போடாமல், மனதுக்குள்ளேயே ஓட்டத்தை நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கொடுத்த வேலையை மட்டும் செய்து, நேரத்துக்கு வீட்டுக்குப் போய், பென்ஷனுக்கு நாள் எண்ணிய அந்தத் தலைமுறையைத்தான் பிறகு "தமிழாக்கள் மேல வர விருப்பமில்லாதவங்க" என்று சொன்னார்கள்.

இன்றைக்கு மொழி விதி வேறு மாதிரி. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 ஜூலைக்குப் பிறகு சேர்ந்த உத்தியோகத்தர்கள் எல்லாரும் ஐந்து வருஷத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். தமிழர், முஸ்லிம்கள் சிங்களத்தில், சிங்களவர் தமிழில். இந்த விதியை நாங்கள் ஆதரிக்கிறோம். எங்கட கூட்டாளிகள் பலர் சிங்களம் விரும்பிப் படிக்கிறார்கள். அதே மொழி, அதே மாதிரிப் பரீட்சை. ஆனால் இன்றைக்குக் கஷ்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஆள் அதே ஆள்தான், விதி நியாயமானதும் ஊக்கம் தானாக வருகிறது.

ஓட்டப்பந்தயத்தின் கணக்கு

பொருளியலில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1981இல் எட்வர்ட் லேசியர், ஷெர்வின் ரோசன் என்ற இருவர் பதவி உயர்வை ஓட்டப்பந்தயமாகப் பார்த்தார்கள். மேலே இருப்பவருக்குப் பெரிய சம்பளம் கொடுப்பது அவரை உழைக்க வைக்க மட்டும் இல்லை, கீழே இருக்கிற எல்லாரையும் ஓட வைக்கவும்தான். படிகளுக்கிடையில் இடைவெளி கூடினால் ஓட்டமும் கூடும். வளவாளர்கள் எல்லாரும் இந்தப் பாதியை மட்டும்தான் சொல்வார்கள்.

மற்றப் பாதி இது. யார் வெல்லப்போவது என்று துவக்கத்திலேயே தெரிந்தால் யாரும் ஓட மாட்டார்கள். தோற்கப்போகிறவர் ஓட மாட்டார், வெல்லப்போகிறவருக்கும் ஓடத் தேவையில்லை. நடுவரை நம்பாவிட்டாலும் அப்படித்தான். எங்கட நாட்டில் நடுவரின் கதையைப் பாருங்கள். 1972 அரசியலமைப்பு அரச சேவையின் நியமனத்தையும் உயர்வையும் அமைச்சரவையின் கையில் கொடுத்தது. 2001இல் 17ஆம் திருத்தம் சுயாதீன ஆணைக்குழுக்களைக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆம் திருத்தம் அவற்றின் பல்லைப் பிடுங்கியது. 2015இல் 19 பல்லைத் திருப்பிக் கட்டியது. 2020இல் 20 மறுபடி பிடுங்கியது. 2022இல் 21 மறுபடி கட்டியிருக்கிறது. இருபது வருஷத்தில் நடுவர் ஐந்து தரம் மாறிய மைதானத்தில் நின்றுகொண்டு, ஏன் ஓடுகிறாய் இல்லை என்று பிள்ளையிடம் கேட்பது என்ன நியாயம்?

வகுப்பறையை விட்டு ஏறுவது

இப்போது எங்கள் எல்லாரையும் வளர்த்த பள்ளிக்கூடத்துக்கு வருவோம். காலமை டவுனிலிருந்து பஸ்ஸிலும் வானிலும் ஆசிரியர்கள் வந்து இறங்குவார்கள். ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் அதே வானில் போய்விடுவார்கள். அவர்களை நாங்கள் திட்ட வரவில்லை. சிலர் எங்களுக்காக மழையில் நனைந்து வந்தவர்கள். ஆனால் நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்தவர்கள் எங்கே போனார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். ஒருவர் அதிபர் சேவை எழுதிப் போனார். ஒருவர் கல்வி நிர்வாக சேவை எழுதி அலுவலகத்துக்குப் போனார். ஒருவர் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுத்தார். வகுப்பறையில் திறமை காட்டியதற்குப் பரிசு, வகுப்பறையிலிருந்து விடுதலை.

1969இல், அதாவது கோடீஸ்வரன் வழக்கில் இலண்டன் தீர்ப்பு வந்த அதே வருஷம், லோரன்ஸ் பீட்டர் என்ற கல்வியியலாளர் ரேமண்ட் ஹல்லோடு சேர்ந்து ஒரு பகிடிப் புத்தகம் போட்டார். ஒரு வேலையை நன்றாகச் செய்கிறவரை அடுத்த படிக்கு ஏற்றுவார்கள். அதையும் நன்றாகச் செய்தால் அதற்கும் மேலே. தனக்குச் செய்யத் தெரியாத ஒரு வேலைக்கு வந்து சேரும்போதுதான் ஏற்றம் நிற்கும், பிறகு ஓய்வு பெறும்வரை அங்கேயே இருப்பார் என்றது அது. பகிடியாகச் சொன்னதை 2019இல் மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்காவின் 131 நிறுவனங்களில் விற்பனை ஊழியர்களின் தரவை வைத்துப் பரிசோதித்தார்கள். நன்றாக விற்றவர்களுக்குத்தான் மேலாளர் பதவி கூடக் கிடைத்தது. அப்படி வந்தவர்களின் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது. இரண்டு பக்கமும் நட்டம்: நல்ல விற்பனையாளர் போய்விட்டார், நல்ல மேலாளர் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் நட்டம் மூன்று. நல்ல டீச்சர் போய்விட்டார், நல்ல அதிகாரி வந்தாரோ தெரியாது, ஊரும் ஒரு ஆளை இழந்தது.

இது எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. நாங்கள் படிக்கிற பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்று உயர்கிறார்கள். ஆனால் உச்சப் படிக்கு வந்தவரும் வகுப்புக்கு வந்து படிப்பிக்கிறார். விசேட வைத்திய நிபுணரான பிறகும் டொக்டர் நோயாளியின் நெஞ்சில் கை வைத்துத்தான் பார்க்கிறார். அவ்வளவு தூரமும் ஏன் போக வேண்டும், எங்கட கரைக்கு வாருங்கள். கரைவலையில் பெயர் எடுத்தவரை, மீன் கூட்டத்தின் நிறம் பார்த்து வலை விடச் சொல்லத் தெரிந்தவரை, யாரும் கடற்கரையிலிருந்து தூக்கி மேசையில் கொண்டுபோய் வைப்பதில்லை. அவருக்குப் பங்கு கூடும், சொல்லுக்கு மரியாதை கூடும், ஆனால் நிற்பது அதே மணலில்தான். பேராசிரியருக்கும் டொக்டருக்கும் வலைக்காரருக்கும் உள்ள இந்த வசதி, ஐந்தாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிற டீச்சருக்கும் வீடு வீடாகப் போகிற உத்தியோகத்தருக்கும் ஏன் இல்லை?

புல்மோட்டையில் இல்மனைட் கூட்டுத்தாபனம் இருக்கிறது. 1957இல் அரசாங்கம் தொடங்கியது. மண் எங்கட கரையில், தலைமை அலுவலகம் கொழும்பில். அள்ளுகிற மண்ணுக்கும் படித்த பிள்ளைக்கும் எங்கட நாட்டில் ஒரே பாதைதான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"அப்ப பரீட்சையே வேண்டாமா?"

இப்படி எழுதினால் என்ன சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். முதலாவது: "அப்ப பரீட்சையை எடுத்துவிட்டு எல்லாருக்கும் சும்மா புரமோஷன் கொடுக்கிறதா?" இல்லை. எங்களைப் போல மேலிடத்தில் ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சைதான் கடைசிப் பாதுகாப்பு. அரசியல்வாதியின் கடிதத்தை விட வினாத்தாள் ஆயிரம் மடங்கு மேல். பரீட்சை இருக்கட்டும். பரீட்சை மட்டும் இருப்பதுதான் பிரச்சினை.

இரண்டாவது: "பணம் கூடக் கிடைக்கும் எண்டா எல்லாரும் உழைப்பாங்க, இதுக்கு ஏன் இவ்வளவு தத்துவம்?" பணம் வேண்டும், அதில் வெட்கம் இல்லை. 1997இலிருந்து இழுபட்ட சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் 2021 ஜூலையில் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் ஒன்லைன் வகுப்பிலிருந்து விலகி நின்றார்கள். பாதிக்கப்பட்டது எங்கட தம்பி தங்கச்சிமார்தான், என்றாலும் அந்தக் கோரிக்கை நியாயம் என்றுதான் அன்றும் சொன்னோம். ஆனால் 1959இலேயே பிரெட்ரிக் ஹேர்ஸ்பேர்க்கும் கூட்டாளிகளும் இருநூறு பொறியியலாளர்கள், கணக்காளர்களிடம் கேட்டுப் பார்த்து ஒன்று சொன்னார்கள். சம்பளம் குறைந்தால், நிர்வாகம் மோசமானால் ஆள் வெறுத்துப்போவார். அதைச் சரி செய்தால் வெறுப்புப் போகும், அவ்வளவுதான். விரும்பி உழைக்க வைப்பது வேறு: செய்த வேலை வேலையாகத் தெரிவது, அதை யாராவது கண்டுகொள்வது, பொறுப்பு வளர்வது. அந்த அக்காவின் வேலையைக் கண்டுகொண்டது யார்? வாசலுக்கு வருகிற அந்தப் பெண்கள் மட்டும்தான். அவருடைய பதவி உயர்வுக் கோப்பில் அவர்களுக்குக் கையெழுத்துப் போட இடம் இல்லை.

மூன்றாவது கேள்வி எங்களை நோக்கி வர வேண்டியது, அதை நாங்களே கேட்கிறோம். ஊரிலேயே இருந்துவிட்டவரை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம்? "இவன் இன்னும் இங்கதான் இருக்கான்" என்று சொல்கிற வாய் எங்கள் வாய். கலியாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் கேட்பது என்ன கிரேட், எந்த டவுன். ஏணியை ஊருக்கு வெளியே சாத்தியது அரசாங்கம் என்றால், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கட வீடுகள். செயலமர்வில் நாங்கள் சிரித்த சிரிப்பும் அதே கைதான்.

என்ன கேட்கிறோம்

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கஷ்டப் பிரதேசத்தில் வேலை செய்த வருஷங்கள் பதவி உயர்வில் கனமான புள்ளியாக வர வேண்டும். இப்போது அது தண்டனைக் காலம் மாதிரித்தான் எல்லாராலும் எண்ணப்படுகிறது. வகுப்பறையிலும் களத்திலும் இருந்துகொண்டே ஏறக்கூடிய படிகள் வேண்டும்; நல்ல டீச்சருக்கு அதிபர் கதிரையைத் தவிர வேறு உச்சமும் இருக்க வேண்டும். ஈபி உட்பட எல்லாப் பரீட்சையும் சொன்ன காலத்தில் நடந்து, சொன்ன காலத்தில் முடிவு வர வேண்டும். நேர்முகத் தேர்வில் யாருக்கு எதற்கு எத்தனை புள்ளி என்பதை எழுதிப் போட்டவர் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஊரில் தங்கி வேலை செய்ய விடுதி வேண்டும். அந்த அக்காவைப் போன்றவர்களின் வேலையை மதிப்பிடும்போது, அந்த வேலையைப் பெற்றுக்கொண்ட மக்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இவ்வளவும் நடந்த பிறகும் ஒருவர் ஓடவில்லை என்றால், அப்போது வாருங்கள் ஊக்கத்தைப் பற்றிக் கதைக்க.

எங்களில் பலர் அடுத்த வருஷம் டிகிரியை முடிப்போம். நாங்களும் விண்ணப்பம் போடுவோம், ஈபி எழுதுவோம், சிலர் நிர்வாக சேவை வகுப்புக்கும் போவோம். வெளியே நிற்கிற நல்லவர்கள் என்று எங்களைச் சொல்லிக்கொள்ள ஏலாது. எங்களுக்கும் அந்த நாற்காலி வேண்டும். அந்த அக்காவும் இப்போது முதலாவது தடைதாண்டலுக்குப் படிக்கிறார். தாபனக் கோவையை ஸ்கூட்டியின் சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிறார், இரண்டு வீட்டுக்கு நடுவில் மர நிழல் கிடைத்தால் ஒரு பக்கம் பார்ப்பாராம். அவரிடம் ஊக்கம் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்த செயலமர்வுக்குக் கூப்பிட்டால் நாங்கள் வருவோம். கேள்வி நேரத்தில் அவருக்கு முதல் நாங்களே எழும்பி அதையே கேட்போம்: ஏறின பிறகும் ஊரில இருக்கலாமா, சேர்? இந்த முறை யாரும் சிரிக்க மாட்டோம். அடுத்த ஸ்லைடுக்குப் போகவும் விட மாட்டோம்.